முப்பத்திரண்டு அடி, நாற்பத்தைந்து அடி

முப்பத்திரண்டு அடி, நாற்பத்தைந்து அடி. ஓணம் கழிந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இந்த இரண்டு அளவுகளைத் தவிர வேறு பேச்சில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் அதுதான், குழாயடியில் குடத்தோடு நின்றாலும் அதுதான். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து பையை இறக்கும்போதே, "எந்தாயி, ஏது போட்டு?" என்று மலையாளத்தில் கேட்பாள்; என்ன ஆயிற்று, எந்தப் படகு என்று. ஒன்றும் ஆகவில்லை என்று தமிழில் சொல்வேன். அலுத்துப் போயிருந்தேன். இன்னும் வாங்காத ஒரு படகை நான் ஒருத்தியாகவே கரையேற்றி இறக்கிக்கொண்டிருந்ததுபோல் தோள் வலித்தது.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். என் கணவர் வளைகுடாவில் இருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பழைய விசைப்படகு ஒன்று வாங்குவதாக முடிவாகியிருந்தது. புதிதாகக் கட்ட எங்களால் ஆகாது. எங்கள் ஊர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் அப்போது விற்பனைக்கு இரண்டு நின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். பிறருடைய படகுகளை ஓட்டியே வயதைக் கழித்தவர். அவருக்குப் பெரியதுதான் வேண்டும். நாற்பத்தைந்து அடியில் ஐஸ் அறை பெரிது. ஒருமுறை இறங்கினால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆழக்கடலில் கிடக்கலாம். கரையில் இருப்பவர்கள் கனவில்கூடப் பார்க்காத இடத்தில் திரியும் மீனைத் தேடிப் போகலாம். முப்பத்திரண்டு அடியில் அது நடக்காது. போனால் அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், திரும்பியாக வேண்டும். அது பிடிக்கும் ஐஸ் அவ்வளவு, அது குடிக்கும் டீசல் அவ்வளவு.

எனக்குச் சின்னதுதான் வேண்டும். காரணம் ஒன்றே ஒன்று. சின்னப் படகு வீட்டுக்கு வரும்.

எங்கள் கல்யாண வாழ்க்கை லீவு லீவாக நடந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம். முதல் மாதம் அவர் விருந்தாளி. இரண்டாம் மாதம் பெட்டி கட்டுகிறவர். நடுவில் ஒரு வாரம் இருக்கும், அவர் வந்தவருமில்லாமல் போகிறவருமில்லாமல் சும்மா வீட்டுக்காரராக இருக்கிற ஒரு வாரம்; அந்த வாரம் பார்த்து யாருக்காவது கல்யாணமோ கருமாதியோ வந்துவிடும். மிச்ச நாட்களில் அவர் ஒரு கடித உறை, ஒரு போன் சத்தம், அலமாரியில் மடித்த நான்கு சட்டை.

அதனால்தான் கடைசியாக வந்து இறங்கியபோது அவர் சொன்னதை நான் அப்படிப் பற்றிக்கொண்டேன். விமான நிலைய வாசலில், காரின் தலைமேல் பெட்டிகளை வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "இனி எங்கயும் இல்ல பிள்ளே. ராத்திரின்னா நான் வீட்டுல." சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அந்த வார்த்தைக்கும் சேர்த்துத்தான் முடிச்சு விழுந்தது என்று எனக்குத் தோன்றியது. கடற்கரைக்காரர்கள் போடும் முடிச்சு லேசில் அவிழாது.

அவர் வருகிறார் என்று தெரிந்ததுமே நான் ஒரு கட்டில் செய்யச் சொல்லியிருந்தேன். வித்துராப் பக்கம் தெரிந்த ஆசாரி ஒருவர் இருந்தார். ஆறடி நீளம், ஆறடி அகலம். அது வந்து இறங்கிய அன்று வாசலில் நுழையவில்லை. கால்களைக் கழற்றி, சட்டத்தைச் சாய்த்து, நாலு பேர் திட்டிக்கொண்டே உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் நடக்க இடமில்லை. கதவைத் திறந்ததும் கட்டிலில்தான் ஏற வேண்டும். பாயில் சுருண்டு பழகிய எனக்கு அதில் படுத்தபோது திருவிழா முடிந்த மைதானத்தில் படுத்ததுபோல் இருந்தது. இவ்வளவு இடம். இனி இவ்வளவும் எங்களுக்கு.

அவர் அதில் உறங்கவில்லை.

முதலில் சுவரோரமாக ஒட்டிப் படுத்தார். முதுகைச் சுவரில் அழுத்தி, முழங்காலை மடக்கி, கட்டிலின் கால்பாகத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல். எனக்கும் அவருக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் படுக்கலாம். பிறகு மேசை விசிறியை நாற்காலியில் ஏற்றிக் காதருகே வைத்துக்கொண்டார். மார்கழிக் குளிரிலும் முழு வேகத்தில் ஓடவேண்டும். கரண்டு போய் விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சந்து உண்டு, துடைப்பம் சாத்தி வைக்கிற இடம், அங்கே பாயை விரித்தார். காலையில் நான் போய்ப் பார்க்கும்போது கண் திறந்தே இருக்கும்.

மகள் அவரிடமே கேட்டாள். "அப்பா, கட்டில்ல பேய் உண்டா?"

"இல்ல மக்கா. இங்க நல்ல காத்து வருது."

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே என்ன காற்று.

இடம் மாறினால் அப்படித்தான் என்றார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவரைப் பகலில் சாப்பாட்டின் முன்னால் உறங்க வைத்தது. கண் எப்போதும் உப்புத்தண்ணீர் பட்டதுபோல் சிவந்து கிடந்தது. கோபப்பட மாட்டார், சலித்துக்கொள்ள மாட்டார். அதுதான் என்னை இன்னும் அலுக்க வைத்தது. உடம்பு அசராததால்தான் உறக்கம் வரவில்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். வலை இழுக்கட்டும், உப்பில் ஊறட்டும், அலுத்து வீட்டுக்கு வரட்டும், வந்து கட்டிலில் விழட்டும். முப்பத்திரண்டு அடிப் படகு அந்தக் கட்டிலில் போய்த்தான் முட்டி நிற்கும் என்று எனக்கு ஒரு கணக்கு.

அவரும் எனக்காக அதையே பேசினார். சொன்ன வார்த்தையை விடாத மனிதர். அத்தான் அந்தியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார், வாதம் நடக்கும்.

"எலே, முப்பத்திரண்டு அடியில எத்தன பேரு போவ? அஞ்சு பேரு. வல வலிச்சு முடிச்சா இருக்க எடமில்ல. நின்னுக்கிட்டே ஒறங்கணும், கொக்கு மாதிரி."

"கொக்குக்கு என்ன கொறச்சல் அண்ணா? அதுவும் மீன் புடிச்சுத்தான் ஜீவிக்குது."

"வாய் மட்டும் ஒனக்கு நாப்பத்தஞ்சு அடி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எம்மா, ஒனக்குச் சின்னதுதான் வேணும்னு எனக்குத் தெரியும். அவன் வாயில இருந்து வாறது ஒன் பேச்சாக்கும். ஆனா சின்ன போட்டுன்னா ராத்திரி முழுக்க வீட்டுல கெடப்பான்னு நீ நெனச்சா அது தெத்து. மூணு மணிக்கு எறங்கணும், கேட்டியா."

"மூணு மணி வர இருப்பாங்கல்லா அத்தான்."

கேலிக்காரர் அவர். நான் சொன்னதற்குச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிக்கொண்டே, "மூணு மணி வர," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது இல்லாத அவர் மனைவியும் ஒரு காலத்தில் அப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நான் கடற்கரைக்காரி இல்லை. கல்யாணம்தான் என்னைத் தண்ணீரின் பக்கம் கொண்டுவந்தது. அப்பா பிழைப்புக்காகத் தெற்கே இருந்து வந்து கிழக்கேகோட்டையில் ஓட்டல் சமையலில் இருந்தார். நான் கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேயே ஒரு பாத்திரக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்வந்தேன். நாள் முழுக்க எவர்சில்வர் கிணுங்கும் சத்தம். அந்தியில் விழிஞ்ஞம் பஸ். பஸ்ஸில் மீன் விற்றுத் தீர்த்த பெண்கள் காலிக் கூடையோடு வருவார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே கண்ணை மூடுவேன். வண்டி கடலை நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு ஏறும், உதடு காயும், இறங்க வேண்டிய நிறுத்தம் வரும், இறங்க மனம் வராது. இப்படியே இந்த வண்டி கரையைத் தாண்டித் தண்ணீரில் ஓடிவிட்டால் என்ன என்று தோன்றும். ஓடாது. மேட்டின் மேல் வீடு, மேட்டின் கீழ் துறைமுகம், நடுவில் நான்.

அந்தப் பெண்களில் ஒரு அக்கா எனக்குச் சிநேகம். ஞாயிற்றுக்கிழமை படகு பார்க்க நானும் போகிறேன் என்றதும் கூடையைத் தட்டிச் சிரித்தாள்.

"போட்டு பாக்கப் பெண்ணுங்களக் கூட்டிட்டுப் போறவன் ஒன் மாப்பிளதான். போ, பாரு. ஆனா கால வச்சிராத."

எங்கள் கரையில் அது கண்டிப்பு. வீட்டுப் பெண் படகில் கால் வைக்கக் கூடாது. தொட்டுப் பார்க்கலாம், சாய்ந்து நிற்கலாம், அதில் வந்த மீனை விற்று வீடு நடத்தலாம். கால் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டவளைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

"எதுதான் எடுப்பிய?" என்று கேட்டாள் அக்கா.

"சின்னது எடுக்கணும்னு எனக்கு."

"சே, பெருசு எடுக்கச் சொல்லு. பெரிய போட்டுக்காரன் பெண்டாட்டிதான் நிம்மதியா ஒறங்குவா. கொறட்டச் சத்தம் இல்லல்லா."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு ஏறி வரும் வழியில்தான் அந்தப் பேச்சு உள்ளே தைத்தது. என் கணவர் குறட்டை விடுவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. லீவில் வந்த நாட்களிலும் அவர் இப்படித்தான் புரண்டுகொண்டிருந்திருக்கிறார். அப்போது நான் அதை ஆசை என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் மேட்டில் இருந்து மூன்று பேரும் நடந்தே இறங்கினோம். மழைக்காலத்தில் மற்றக் கரைகளில் இருந்து ஒதுங்க வந்த படகுகள் எல்லாம் திரும்பிப் போயிருந்தன. துறைமுகம் விருந்தாளி போன வீடுபோல் அகலமாகக் கிடந்தது. தண்ணீரில் டீசல் படலம் நிறம் நிறமாக விரிந்து சுருங்கியது. பள்ளிவாசல் பக்கம் சில பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் பக்கம் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தரகர் குடையைத் தலைகீழாக ஊன்றிக்கொண்டு எங்களுக்காகக் காத்து நின்றார். ஒல்லியான, ஓயாமல் பேசுகிற ஆள்.

"சேச்சியும் வந்நோ? நல்லது, நல்லது. வீட்டுக்காரி கண்டா பின்ன வழக்கில்ல."

சின்னதை முதலில் பார்த்தோம். அதைக் கரையேற்றி, தடிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரில் இருக்கும்போது மறைந்திருக்கும் வயிறு முழுக்க வெளியே தெரிய, கொஞ்சம் வெட்கப்பட்டு நிற்பதுபோல் நின்றது. எனக்குப் பிடித்துப்போயிற்று. என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தரகரைவிட அதிகமாகப் புகழ்ந்தார்.

"இந்தப் பலகையப் பாரு அண்ணா, இரும்பு."

அத்தான் பேனாக்கத்தியை எடுத்து முனையால் ஒரு குத்துக் குத்தினார். மரம் புட்டுபோல் கொஞ்சம் உதிர்ந்தது. "இரும்புதான். துருப்புடிச்ச இரும்பு."

"அது பெயிண்டாக்கும் சேட்டா, பெயிண்டு!" என்று தரகர் குறுக்கே விழுந்தார்.

"பெயிண்டுக்குள்ள மரத்தூளு வச்சு அடிச்சீரோ ஓய்?"

என் கணவர் அதற்குள் உள்ளே ஏறிவிட்டார். பின்பக்கம் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இங்கன நான் இருப்பேன். அங்கன அண்ணன். மீன் இங்க." அவர் நின்ற இடத்தில் இரண்டாவது ஆள் நிற்க முடியாது. வெயில் முகத்தில் நேராக அடித்தது. சிரித்தார். அந்தச் சிவந்த கண்ணோடு அவர் சிரித்தபோது, இந்த மனிதரால் காலை மூன்று மணிக்கு எழுந்து இதில் போய் நாள் முழுக்க நிற்க முடியுமா என்று முதல்முறையாகப் பயம் வந்தது. எழுவது கஷ்டமில்லை. உறங்கினால்தானே எழவேண்டும்.

"கொள்ளாமா, நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"கொள்ளாம்," என்றேன்.

பெரியது தண்ணீரில் நின்றது. நீலம் அடித்து, நீலம் வெளுத்து, வெளுத்த இடத்தில் வேறொரு நீலம் அடித்த படகு. துறைமேடையில் தொங்கிய பழைய டயர்களில் உரசிக்கொண்டு இரண்டு கயிற்றில் கட்டுண்டு கிடந்தது. தரகர் ஓடிப்போய் எஞ்சினைக் கிளப்பினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அடிவயிற்றில் இருந்து வருகிற, ஏற்றமோ இறக்கமோ இல்லாத ஒரு உறுமல். காலடியில் சிமெண்டுத் தளம்கூட லேசாக அதிர்ந்தது.

ஆண்கள் மூவரும் ஏறினார்கள். கடைசியாக ஏறிய என் கணவர் திரும்பி என்னை ஏற்றிவிடக் கையை நீட்டினார். பிறகு நினைவு வந்து, நீட்டிய அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

உள்ளே பலகை தட்டும் சத்தம், மூடி திறக்கும் சத்தம், அத்தான் திட்டும் சத்தம் எல்லாம் வந்தது. கயிறு சுற்றுகிற இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தானும் தரகரும் இறங்கி, உரிமையாளரைப் பார்க்க டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

"ஓடட்டும். புகையில்ல, நோக்கிக்கோ சேச்சி. எத்தர ஓடியாலும் சூடாவாது," என்று எஞ்சினைக் காட்டிவிட்டுப் போனார் தரகர்.

"அவங்க எங்க?" என்று அத்தானிடம் கேட்டேன்.

"உள்ள பாத்துட்டு வாறேன்னான். குத்தம் கண்டுபுடிக்கதுக்கு நிக்கான்."

காத்திருந்தேன். பருந்து ஒன்று தாழ்ந்து வந்து எதையும் எடுக்காமல் மேலே போயிற்று. வெயில் ஏறியது. அவர் வரவில்லை. எழுந்து படகின் நீளத்துக்கு மேடையில் நடந்தேன். ஓட்டுகிறவர் நிற்கும் அறைக்குப் பின்னால் இன்னொரு சின்ன அறை, அதற்குக் கண்ணாடியில்லாத ஒரு ஜன்னல். குனிந்து பார்த்தேன்.

இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகைத் தட்டுகள், ரயிலில் இருப்பதுபோல். ஆட்கள் முறை வைத்துப் படுக்கிற இடம். அதில் கீழ்த் தட்டில் என் கணவர் கிடந்தார். சுவரைப் பார்த்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து. மயங்கி விழுந்துவிட்டார் என்றுதான் முதலில் பதறினேன்.

"இங்க பாருங்க. கேக்குதா? இங்க பாருங்க!"

அசைவில்லை. ஒரு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர். காலைத் தூக்கினேன், வைக்கவில்லை. பக்கத்தில் விறைத்து நின்ற கயிற்றைப் பிடித்து இழுத்தேன், ஒரு குலுக்குக் குலுக்கினால் விழிப்பார் என்று. படகு மெதுவாக நெருங்கி வந்து டயரில் முட்டி, மெதுவாக விலகிப் போயிற்று. அவர் தலை அந்தப் பக்கம் சாய்ந்து இந்தப் பக்கம் வந்தது. வாய் லேசாகத் திறந்தது. எஞ்சின் சத்தத்துக்குள் இருந்து இன்னொரு சத்தம் கேட்டது. அதைவிடச் சின்னது, ஆனால் அதே தாளத்தில்.

குறட்டை.

கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். முன்பு எப்போதோ அவர் அனுப்பிய ஒரு போட்டோ நினைவுக்கு வந்தது. கம்பெனி கேம்பில் அவருடைய அறை. எட்டு ஆண்கள், இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள், சுவரில் உறுமுகிற ஏசிப் பெட்டி. கீழ்க் கட்டில் ஒன்றில் கோடு போட்ட ஒரு கைலிச் சாரம் திரையாகத் தொங்கும். "அந்தச் சாரத்துக்கு உள்ளதான் என் வீடு" என்று போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஏசி நின்றால் எட்டுப் பேரும் ஒன்றாக விழித்துவிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் போட்டோவில் அவர் முகத்தை மட்டும் பார்த்தேன், மெலிந்திருக்கிறாரா என்று. கட்டிலின் அகலத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை வருடமும் அந்த உடம்பு அந்த அளவுக்குள் வளர்ந்திருக்கிறது. நான் வித்துராவில் ஆறடிக்கு ஆறடி சொல்லிச் செய்து வைத்திருக்கிறேன்.

கயிற்றை மறுபடி இழுத்தேன். இந்தமுறை எழுப்புவதற்கு இல்லை. மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டேன். படகு வந்தது, போயிற்று. எவ்வளவு பெரிய மரம், என் ஒரு கைக்கு எப்படி வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. உள்ளங்கையில் கயிற்றின் உப்பு எரிந்தது. அழுகை வரவில்லை. நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு பஸ்ஸில் இடம் கிடைத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

அத்தானும் தரகரும் திரும்பி வந்தார்கள்.

"எங்கம்மா அவன்?"

ஜன்னலைக் காட்டினேன். அத்தான் குனிந்து பார்த்தார். "எலேய், பட்டப்பகல்ல..." என்று தொடங்கினார்.

"விடுங்க அத்தான்."

திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கயிற்றையும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட தட்டுகளில் உறங்கியவர். எவ்வளவு புரிந்ததோ தெரியாது, ஜன்னலை விட்டு விலகி நின்றார். தரகர்தான் படகில் தாவி ஏறி எஞ்சின் பக்கம் போனார்.

"டீசல் வெறுதே போவுது சேச்சி. நிறுத்தட்டே?"

"நிறுத்தாதீங்க."

"அல்ல சேச்சி, உடமஸ்தன் கண்டா..."

"நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்லா."

அவ்வளவு சத்தமாக நான் பேசி அத்தான் கேட்டதில்லை. "நிறுத்தாதயும் ஓய். டீசலு நான் ஊத்தித் தாறேன்," என்றார். தரகர் இறங்கிவந்து குடையை ஊன்றிக்கொண்டார். மூன்று பேரும் வெயிலில் நின்றோம், உள்ளே ஒருவர் உறங்குவதற்குக் காவல்போல். வலை பொத்துகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு படகு வாங்க வந்தவர்கள் ஒன்றும் பேசாமல் இப்படி நிற்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் கேட்டார். "அப்ப, எம்மா?"

"பெருசே இருக்கட்டும் அத்தான்."

"சேச்சிக்கு விவரம் உண்டு!" என்று தரகர் குதித்தார்.

"நீரு சும்ம இரும் ஓய்," என்றார் அத்தான். அவர் ஆசைப்பட்டதுதான் கிடைத்திருந்தது. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

பிறகு உரிமையாளர் வந்தார். நாங்கள் தடுக்கும் முன் ஏறி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நின்ற அந்த நொடியிலேயே உள்ளே தலை மேல்தட்டில் இடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. என் கணவர் வெளியே வந்தார். கன்னத்தில் பலகையின் வரி பதிந்திருந்தது. கண்ணில் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது.

"சும்ம கண்ண மூடிப் பாத்தேன்," என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அண்ணா, இது வேண்டாம். சின்னது மதி, அது போதும். நான் சொல்லியாச்சு."

"பெருசுன்னு உறப்பிச்சாச்சு."

"யாரு உறப்பிச்சா?"

"ஒன் வீட்டுக்காரி. வீட்டுல ஒண்ணு, இங்க வந்து ஒண்ணு. புருசனும் பெண்டாட்டியும் பேசி முடிச்சிட்டு வரப்படாதா? எனக்குத் தல சுத்துது."

அவர் என்னைப் பார்த்தார். நான் சின்னப் படகு நின்ற பக்கம் பார்த்தேன். அது முட்டுத் தடிகளின் மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

மேட்டில் ஏறும்போது அத்தான் முன்னால் போய்விட்டார். பாதி ஏற்றத்தில் என் கணவர் கேட்டார். "ஏன் பிள்ளே?"

"சின்னதுல சோறு பொங்க எடமில்ல."

"நீ பொங்கித் தாறேன்னல்லா சொன்ன?"

"மூணு மணிக்கு எந்திரிச்சுப் பொங்க என்னால ஆவாது."

எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் நின்றேன், அவரும் நின்றார். கீழே துறைமுகம் ஒரு தட்டுபோல் தெரிந்தது, அதில் இரண்டு படகும் ஒரே அளவாக. "நான் வாக்கு சொன்னதாக்கும்," என்றார் மெதுவாக. "சொன்னிய. நான் கேட்டாச்சு. மதி," என்றேன். மறுபடி ஏறினோம்.

படகு எங்களுடையதாயிற்று. பழைய நீலத்தின் மேல் இன்னொரு நீலம் அடித்தார்கள். முதல்முறை இறங்குவதற்கு முந்தின நாள், நான் தையல் மெஷினில் மகளின் பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து கதவோரம் நின்றார்.

"அந்தக் கோடு போட்ட சாரம் கெடக்கா? கம்பெனியில இருந்து கொண்டு வந்தது."

அதை நான் மாவு கிரைண்டரை மூட எடுத்திருந்தேன். உருவி, உதறி, மெஷினில் வைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததால் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நாங்கள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எத்தன அகலம் வேணும்?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். யோசித்து, கொஞ்சம் குறுக்கினார். என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குறுக்கினார். அந்த இரண்டு கைகளுக்கு நடுவே இருந்த இடத்தை நான் கண்ணால் அளந்து துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். மேல்கரையை மடித்து அடித்து, நாடா கோத்துக் கொடுத்தேன்.

போனார். வந்தார். போனார். வந்தால் இரண்டு நாள், மூன்று நாள் இருப்பார். மகளோடு கேரம்போர்டு ஆடுவார், குழாய்க்கு வாஷர் மாற்றுவார், எனக்குக் காய் நறுக்கித் தருவார். இரவானால் விசிறியை நாற்காலியில் ஏற்றுவார். அந்தப் பெரிய கட்டிலின் நடுவில் படுத்து நானும் பார்த்தேன். ஒத்துவரவில்லை, என் ஓரத்துக்கே திரும்பினேன்.

ஒருநாள் படகு காலையிலேயே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பஸ்ஸைப் பிடிக்காமல் மேட்டில் இருந்து இறங்கினேன். பெட்டி பெட்டியாக மீன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏலக்காரர்களின் கூச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் கோடு போட்ட சாரம் இழுத்து விட்டிருந்தது. அத்தான் மேல்தளத்தில் இருந்து என்னைப் பார்த்தார். தாடி முளைத்து, உப்புப் பூத்து, ஆள் பாதியாகியிருந்தார்.

"எழுப்பட்டுமா எம்மா?"

"வேண்டாம். மீன் எறங்கி முடியட்டும்," என்றேன்.

கயிற்றுக் குற்றியில் உட்கார்ந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. எஞ்சினை இப்போது யாரும் நிறுத்த வேண்டாம் என்று அத்தான் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.